முட்டைக்குள் ஓர் ஆய்வுக்கூடம்

1. விடை தெரியாத நோய்

1918ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் இருந்தது. அப்போது போரைவிடக் கொடிய பகை ஒன்று உலகெங்கும் பரவியது. அதன் பெயர் இன்ஃபுளுவென்சா. இன்று புளூ காய்ச்சல் என்று எளிதாகச் சொல்லப்படும் நோய்தான் அது. பம்பாய்த் துறைமுகத்தின் வழியே இந்தியாவில் நுழைந்த அந்நோய், இருப்புப்பாதை சென்ற ஊர்களுக்கெல்லாம் தானும் சென்றது. அன்றைய இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதற்குப் பலியாயினர்.

அந்நோயை உண்டாக்குவது எது என்பதை அன்றைய மருத்துவர்கள் அறிந்திருக்கவில்லை. நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, அதுவே காரணம் எனப் பலர் நம்பினர். அந்த நம்பிக்கை தவறானது. காரணம் எதுவென்று தெரியாதபோது மருந்து தேடுவது எங்ஙனம்?

1919ஆம் ஆண்டில் அந்நோய் ஆஸ்திரேலியாவையும் அடைந்தது. அப்போது மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ஓர் இளைஞர் மருத்துவம் பயின்றுகொண்டிருந்தார். பிற்காலத்தில், அந்நோயின் கிருமியை ஒரு கோழிமுட்டைக்குள் வளர்த்து அதன் இயல்புகளை ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்தவர் அவரே. அவர்தாம் ஃபிராங்க் மக்ஃபர்லேன் பர்னெட்.

2. வண்டு சேர்த்த சிறுவன்

பர்னெட் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள டிராரல்கன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர், வங்கி மேலாளர். ஏழு குழந்தைகளுள் பர்னெட் இரண்டாமவர். மூத்த சகோதரிக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருந்தமையால், தாயின் கவனம் பெரிதும் அவர்பால் சென்றது. கூச்ச இயல்பு மிக்க சிறுவனாகிய பர்னெட், தனிமையில் தன் மகிழ்ச்சியைத் தேடிக்கொண்டார்.

குடும்பம் டெராங் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்த பின், சுற்றுப்புறமே அவருக்குப் பள்ளியாயிற்று. அவர் வண்டுகளைச் சேர்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு வண்டின் நிறம், கால், கொம்பு, இறகுறை ஆகியவற்றை உற்று நோக்கினார். ஒன்றுபோல் தோன்றும் இரண்டில் வேறுபாடு காண்பதும், வேறாகத் தோன்றும் இரண்டில் உறவு காண்பதும் அவருக்கு விளையாட்டாயின. அந்தப் பழக்கம் அவரை வாழ்நாள் முழுதும் விட்டு அகலவில்லை.

உதவித்தொகை பெற்று ஜீலாங் கல்லூரியில் தங்கிப் படித்த அவர், பின்னர் மெல்போர்னில் மருத்துவப் பட்டம் பெற்றார். நோயாளிகளுக்கு மருத்துவம் பார்க்கவே அவர் விரும்பினார். ஆயினும் அவருடைய இயல்புக்கு ஆய்வுக்கூடமே ஏற்றது என மருத்துவமனை மேலாளர் கருதினார். அந்த முடிவு மருத்துவ உலகிற்கு நன்மையாக முடிந்தது. மெல்போர்னில் இருந்த வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வு நிறுவனம் அவருடைய பணியிடமாயிற்று.

1928ஆம் ஆண்டில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பண்டபெர்க் நகரில் ஒரு பெருந்துயரம் நிகழ்ந்தது. தொண்டை அடைப்பான் நோய்க்குத் தடுப்பூசி போடப்பட்ட குழந்தைகளுள் 12 பேர் இறந்தனர். அதன் காரணத்தை ஆராயும் பணியில் பர்னெட்டும் பங்கு கொண்டார். மருந்துப் புட்டியில் பாக்டீரியா புகுந்து வளர்ந்திருந்ததே காரணம் எனத் தெரியவந்தது. ஆய்வுக்கூடத்தில் காட்டும் சிறு கவனக்குறைவும் உயிரைப் பறிக்கும் என்பதை அந்நிகழ்ச்சி அனைவருக்கும் உணர்த்தியது.

3. உயிருள்ள செல்லைத் தேடி

பாக்டீரியாவை வளர்ப்பது கடினமன்று. இறைச்சிச் சாறு போன்ற ஊட்டத்தைக் கண்ணாடித் தட்டில் இட்டால் அது தானே பெருகும். வைரஸ் எனப்படும் தீநுண்மி அவ்வாறு பெருகுவதில்லை. அதற்கு உயிருள்ள செல் வேண்டும்.

இதற்கு ஓர் உவமை கூறலாம். ஒருவரிடம் சேலையின் மாதிரிப்படம் மட்டும் இருக்கிறது. தறியும் இல்லை, நூலும் இல்லை. அவர் ஒரு நெசவாளர் வீட்டிற்குள் புகுந்து, அவருடைய தறியிலேயே, அவருடைய நூலைக் கொண்டே, தம் மாதிரிப்படி ஆயிரம் சேலைகளை நெய்வித்துக் கொள்கிறார். தீநுண்மியும் அத்தகையதே. அதனிடம் இருப்பது மரபுச் செய்தி மட்டுமே. அச்செய்தியைப் படியெடுக்கும் வசதிகள் யாவும் செல்லுக்குள் இருக்கின்றன.

1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பர்னெட் லண்டன் சென்று, ஹாம்ஸ்டெட்டில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். அக்காலத்தில்தான், 1933இல், அந்நிறுவனத்தைச் சேர்ந்த வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவர் இன்ஃபுளுவென்சாத் தீநுண்மியை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தனர். நோயாளிகளின் தொண்டையைக் கழுவிய நீரை, ஃபெரெட் என்னும் கீரியை ஒத்த சிறு விலங்கின் மூக்கில் இட்டு அதற்குக் காய்ச்சல் வருவித்தனர். பல ஆண்டுக் கேள்விக்கு விடை கிடைத்தது.

ஆனால் ஃபெரெட்டுகளை வளர்ப்பது செலவு மிக்கது. அவற்றை நோயற்ற சூழலில் காப்பதும் அரிது. எளிய வழி ஒன்று தேவைப்பட்டது. அமெரிக்காவில் எர்னெஸ்ட் குட்பாஸ்சரும் அவருடைய உடன்பணியாளர்களும், கோழிகளுக்கு வரும் அம்மைநோயின் தீநுண்மியை அடைகாத்த முட்டையின் சவ்வில் வளர்த்து 1931இல் வெளியிட்டிருந்தனர். அம்முறையைப் பர்னெட் லண்டனிலேயே கையாண்டு பழகினார். 1934இல் தாய்நாடு திரும்பியபின், அதனையே தம் முதன்மைக் கருவியாக்கிக் கொண்டார்.

4. முட்டை என்னும் கருவி

கோழிமுட்டை எல்லா ஊர்களிலும் கிடைக்கும், விலையும் குறைவு. அதன் ஓடு அழுக்கும் பிற கிருமிகளும் புகாமல் காக்கிறது. உள்ளே வளரும் கருவில் உயிருள்ள செல்கள் கோடிக்கணக்கில் உள்ளன. பர்னெட்டின் பார்வையில் ஒவ்வொரு முட்டையும் ஒரு சிறு ஆய்வுக்கூடம்.

கோழிக்குஞ்சு பொரிக்க 21 நாள்கள் ஆகும். ஏறத்தாழப் பத்து அல்லது பதினொரு நாள் அடைகாத்த முட்டையே இப்பணிக்கு ஏற்றது. இருட்டறையில் முட்டையின் பின்னே விளக்கை வைத்தால், ஓட்டின் வழியே சிவந்த இரத்த நாளங்களும் அசையும் கருவும் தெரியும். கரு உயிருடன் இருப்பதை அவ்வாறு உறுதி செய்தபின், முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறையின் மேல் நுண்துளை இடுவர். மெல்லிய ஊசியால் தீநுண்மி கலந்த ஒரு துளி நீரைச் செலுத்துவர். துளையை மெழுகால் அடைத்து, வெதுவெதுப்பான அடைகாப்புப் பெட்டியில் இரண்டு மூன்று நாள்கள் வைத்திருப்பர்.

கருவைச் சுற்றிப் பல பைகள் உள்ளன. கரு மிதக்கும் நீர்ப்பை பனிக்குடம் எனப்படும். கருவின் கழிவுநீர் சேரும் பை மற்றொன்று. பர்னெட் முதலில் வெளிச்சவ்விலும், 1940இல் பனிக்குடத்திலும், அதற்கடுத்த ஆண்டு கழிவுநீர்ப் பையிலும் இன்ஃபுளுவென்சாத் தீநுண்மியை வளர்த்துக் காட்டினார். கழிவுநீர்ப் பையைச் சூழ்ந்த செல்களில் அது பெருகி, தெளிந்த நீரில் நிறைந்தது. சில நாள்களுக்குப் பின் அந்நீரை ஊசியால் உறிஞ்சினால், அதில் கோடிக்கணக்கான தீநுண்மிகள் இருந்தன.

இங்கே அவருடைய வண்டு சேர்த்த கண்கள் மீண்டும் துணை செய்தன. நோயாளியிடமிருந்து நேரே எடுத்த தீநுண்மி பனிக்குடத்தில் எளிதாக வளர்ந்தது. கழிவுநீர்ப் பையில் வளர மறுத்தது. ஆனால் முட்டை மாற்றி முட்டையாகச் சிலமுறை வளர்த்தபின், அதுவே கழிவுநீர்ப் பையிலும் செழித்தது. அதாவது, தீநுண்மி புதிய வீட்டிற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. இம்மாற்றத்தைப் பர்னெட் தெளிவாகப் பதிவு செய்தார். தடுப்பூசி செய்வோர் இன்றும் கவனிக்க வேண்டிய செய்தி இது. முட்டைக்குப் பழகிய தீநுண்மி, மனிதரிடையே உலவும் தீநுண்மியிலிருந்து சிறிது வேறுபட்டுவிடக்கூடும்.

5. செல்லுக்குள் நிகழ்வது

1941ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவர் ஒரு புதுமையைக் கண்டார். தீநுண்மி வளர்ந்த முட்டையிலிருந்து நீரை எடுக்கும்போது, ஒரு நாளம் அறுந்து கருவின் இரத்தம் அதில் கலந்தது. உடனே இரத்தச் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. தீநுண்மியே பசைபோல் நின்று அவற்றை ஒட்டியது.

இச்செய்தியைப் பர்னெட்டும் அவருடைய உடன்பணியாளர்களும் மேலும் ஆராய்ந்தனர். ஒட்டிய தீநுண்மி சிறிது நேரத்தில் தானாகவே விடுபட்டது. விடுபட்டபின், அந்தச் சிவப்பணுக்களில் அதே தீநுண்மி மீண்டும் ஒட்டவில்லை. இதிலிருந்து அவர் ஒன்றை உய்த்துணர்ந்தார். தீநுண்மி தான் பற்றிய பிடியைத் தானே அறுக்கும் ஒரு நொதியைத் தன்னிடம் கொண்டுள்ளது. காலரா பாக்டீரியாவிலிருந்து பெற்ற ஒரு நொதியும் அதே வேலையைச் செய்வதை அவர்கள் காட்டினர்.

பின்வந்த அறிவியலாரின் உழைப்பால் இன்று முழு நிகழ்ச்சியும் தெளிவாகியுள்ளது. இன்ஃபுளுவென்சாத் தீநுண்மி ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவினது. அதன் மேற்பரப்பில் முட்கள் போன்ற இருவகைப் புரதங்கள் உள்ளன. ஒன்று, செல்லின் மேலுள்ள ஒருவகைச் சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொள்கிறது. செல் அதனை உணவென எண்ணியதுபோல் உள்ளிழுக்கிறது. உள்ளே, தீநுண்மியின் உறை திறந்து, எட்டுத் துண்டுகளாக உள்ள மரபுச் செய்தி செல்லின் உட்கருவைச் சென்றடைகிறது. அங்கே படிகள் எடுக்கப்படுகின்றன. உட்கருவிற்கு வெளியே புரதங்கள் செய்யப்படுகின்றன. அனைத்தும் செல்லின் விளிம்பில் கூடி, புதிய தீநுண்மிகளாக மொட்டு விட்டு வெளிவருகின்றன.

வெளிவந்தவை செல்லின் சர்க்கரைப் பொருளிலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிடியை அறுத்து விடுவிப்பது இரண்டாவது முள். அதுவே பர்னெட் உய்த்துணர்ந்த நொதி. அதனைச் செயலற்றதாக்கினால் தீநுண்மி வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்ளும். ஒசெல்டாமிவிர் முதலிய இன்றைய மருந்துகள் இவ்வாறே வேலை செய்கின்றன. முட்டைநீரில் சிவப்பணுக்கள் ஒட்டிப் பிரிந்ததைப் பொறுமையுடன் நோக்கியதன் பயன், அரை நூற்றாண்டுக்குப் பின் மருந்தாக விளைந்தது.

6. தோல்வியும் தியாகமும்

இரண்டாம் உலகப்போரின்போது, 1918இன் கொடுமை மீண்டும் வருமோ என்ற அச்சம் எங்கும் நிலவியது. முட்டையில் வளர்த்து வலிமை குறைத்த உயிருள்ள தீநுண்மியை மூக்கில் தெளித்தால் உடல் எதிர்ப்பாற்றல் பெறும் எனப் பர்னெட் எண்ணினார். ஆஸ்திரேலியப் படையின் தன்னார்வ வீரர்களிடம் அதனைச் சோதித்தார். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. அமெரிக்காவிலோ, முட்டையில் வளர்த்துக் கொல்லப்பட்ட தீநுண்மியால் ஆன தடுப்பூசி வெற்றி பெற்றது. பர்னெட் தம் தோல்வியை ஒப்புக்கொண்டு, அம்முயற்சியைக் கைவிட்டார். எனினும் அவருடைய எண்ணம் வீணாகவில்லை. உயிருள்ள, வலிமை குறைந்த தீநுண்மியை மூக்கில் தெளிக்கும் மருந்து பிற்காலத்தில் பல நாடுகளில் உருவாயிற்று. 2010இல் புணேயில் உள்ள சீரம் நிறுவனமும் முட்டையில் வளர்த்த தீநுண்மியைக் கொண்டு அத்தகைய மருந்தைச் செய்தது.

ஆய்வுக்கூடத்தின் வெற்றிகளுக்குப் பின்னே பலரின் உழைப்பும் ஓர் உயிரின் இழப்பும் உண்டு. டோரா லஷ் என்னும் பெண்மணி, முட்டையில் தீநுண்மி வளர்க்கும் பணியில் பர்னெட்டுடன் பல ஆண்டுகள் உழைத்தவர். 1943இல் வேறொரு கொடிய காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்து காணும் ஆய்வில், அந்நோய்க்கிருமி கொண்ட ஊசி அவர் விரலில் தற்செயலாகக் குத்தியது. சில வாரங்களில் அவர் உயிர் நீத்தார். நோயுற்றுக் கிடந்த நாள்களிலும், ஆய்வுக்காகத் தம் இரத்தத்தை எடுக்குமாறு வலியுறுத்தினார். அப்போது அவருக்கு வயது 32.

பர்னெட்டும் தம் உடலைச் சோதனைக்கு உட்படுத்தத் தயங்கவில்லை. 1951இல் ஆஸ்திரேலியாவில் பெருகிய முயல்களைக் கட்டுப்படுத்த, முயல்களை மட்டும் கொல்லும் ஒரு தீநுண்மி பரப்பப்பட்டது. அதே வேளையில் சில ஊர்களில் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. முயல்நோயே காரணம் என மக்கள் அஞ்சினர். பர்னெட், ஃபிராங்க் ஃபென்னர், இயன் குளூனிஸ் ராஸ் ஆகிய மூவரும் அத்தீநுண்மியைத் தம் உடலில் ஊசி வழியே செலுத்திக்கொண்டனர். மூவருக்கும் தீங்கு நேரவில்லை. மூளைக்காய்ச்சலுக்கு வேறொரு தீநுண்மியே காரணம் என்பதும் தெளிவாயிற்று.

7. முட்டை எழுப்பிய பெருங்கேள்வி

1944இல் பர்னெட் ஹால் நிறுவனத்தின் இயக்குநரானார். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அழைத்தபோதும் அவர் ஆஸ்திரேலியாவை விட்டுச் செல்லவில்லை. பெரிய அறிவியல் மையங்களிலிருந்து வெகு தொலைவில் இருந்தபடியே உலகத்தரமான ஆய்வு செய்ய இயலும் என்பதைச் செயலில் காட்டினார். இயக்குநராக இருந்தபோதும், தம் கைகளாலேயே முட்டைகளைக் கையாண்டு ஆய்வு செய்தார்.

அவ்வாறு பல்லாயிரம் முட்டைகளைக் கண்டவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. வளர்ந்த கோழியின் உடலில் தீநுண்மி புகுந்தால், அதனை அழிக்க எதிர்ப்பொருள் உண்டாகிறது. முட்டைக்குள் இருக்கும் கருவோ எதிர்ப்பொருள் எதையும் உண்டாக்குவதில்லை. அங்ஙனமாயின், எது தனக்குரியது, எது அயலானது என்று உடல் எப்போது கற்றுக்கொள்கிறது?

பிறக்கும் முன்பே உடல் தன்னை அடையாளம் காணக் கற்கிறது. அக்காலத்தில் அறிமுகமாகும் பொருளைப் பின்னாளில் அது பகையாகக் கருதாது என்பது பர்னெட் 1949இல் முன்வைத்த கருத்து. முட்டைகளைக் கொண்டு அதனை மெய்ப்பிக்க அவர் செய்த சோதனை தோற்றது. இங்கிலாந்தில் பீட்டர் மெடவாரும் அவருடைய குழுவினரும் எலிகளைக் கொண்டு 1953இல் அதனை மெய்ப்பித்தனர். பர்னெட், மெடவார் இருவரும் 1960ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

1957இல் பர்னெட் மற்றொரு கொள்கையை வெளியிட்டார். உடலில் எண்ணற்ற காவல் செல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு பூட்டுக்குரிய சாவிபோல் தனி வடிவம் கொண்டது. நோய்க்கிருமி நுழையும்போது, அதற்குப் பொருந்தும் செல் மட்டும் தூண்டப்பட்டுப் பெருகிப் படையாகிறது. தடுப்பூசி செயல்படும் முறையை விளக்க இன்றும் இக்கொள்கையே அடிப்படை.

அதே ஆண்டில் நிறுவனம் முழுவதையும் தீநுண்மி ஆய்விலிருந்து எதிர்ப்பாற்றல் ஆய்வுக்கு மாற்றினார். தமக்குப் புகழ் தந்த துறையையே விட்டு விலகத் துணிந்தார். இம்மாற்றத்தை எல்லோரும் விரும்பவில்லை. சிலர் வேறிடம் சென்றனர். ஆயினும் அந்நிறுவனம் புதிய துறையிலும் உலகப் புகழ் பெற்றது.

அவருடைய கணிப்புகள் யாவும் சரியாக அமைந்தன என்று கூற இயலாது. மரபணு மூலக்கூறுகளை ஆராயும் புதிய அறிவியலால் மருத்துவத்திற்குப் பெரும்பயன் விளையாது என அவர் எண்ணினார். காலம் வேறுவிதமாகக் காட்டியது. இருவகை இன்ஃபுளுவென்சாத் தீநுண்மிகள் ஒரே செல்லில் புகுந்தால் அவற்றின் பண்புகள் கலந்து புதுவகை பிறக்கும் என 1951இல் காட்டியவர் பர்னெட்டே. அதற்குக் காரணம், மரபுச் செய்தி எட்டுத் துண்டுகளாக இருப்பதுதான் என்று பின்னர் விளக்கியது, அவர் ஐயுற்ற அந்த மூலக்கூறு அறிவியலே.

8. நிலைத்த பயன்

1960இல் ஆஸ்திரேலியா, ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர் என்னும் விருதை முதன்முதலாக ஏற்படுத்தியபோது, அது பர்னெட்டுக்கே வழங்கப்பட்டது. 1965இல் இயக்குநர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றபின் நூல்கள் பல எழுதினார். 1985ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள், விக்டோரியாவின் போர்ட் ஃபேரி என்னும் கடற்கரை ஊரில் காலமானார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது.

இன்ஃபுளுவென்சாத் தீநுண்மி ஆண்டுதோறும் தன் மேற்பரப்பு முட்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கிறது. எனவே உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை வல்லுநர்களைக் கூட்டி, வரும் பருவத்திற்கான தடுப்பூசியில் எவ்வகைத் தீநுண்மிகள் இடம்பெற வேண்டும் எனப் பரிந்துரைக்கிறது. அதன்பின், உலகின் பல தொழிற்கூடங்களில் இலட்சக்கணக்கான முட்டைகள் விளக்கொளியில் சோதிக்கப்படுகின்றன. ஓட்டில் நுண்துளை இடப்படுகிறது. ஒரு துளி நீர் உள்ளே செல்கிறது. எந்திரங்கள் கைகளின் இடத்தைப் பெற்றுவிட்டன, முறை மாறவில்லை. முதியோரையும் குழந்தைகளையும் காக்கும் புளூ தடுப்பூசியின் பெரும்பகுதி, இன்றும் கோழிமுட்டைக்குள்தான் உருவாகிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. தீநுண்மியை இறைச்சிச் சாற்றில் வளர்க்க இயலாதது ஏன்? பாடத்தில் வந்துள்ள நெசவாளர் உவமையைக் கொண்டு விளக்குக.
2. ஆய்வுக்குக் கோழிமுட்டை ஏற்ற கருவியாக அமைந்ததற்கு மூன்று காரணங்கள் எழுதுக.
3. சிவப்பணுக்களை ஒட்டிய தீநுண்மி தானே விடுபட்டதிலிருந்து பர்னெட் உய்த்துணர்ந்தது யாது? அது இன்று எவ்வாறு பயன்படுகிறது?
4. பர்னெட்டின் தோல்விகள் இரண்டைக் குறிப்பிடுக. அவை பின்னாளில் எவ்வாறு பயன் தந்தன?
5. டோரா லஷ் பற்றி ஐந்து வரிகளில் எழுதுக.
6. புகழ் தந்த துறையை விட்டுப் புதிய துறைக்கு மாறிய பர்னெட்டின் முடிவு சரியானதா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.